மாமனாரின் நாவல்

கண்காட்சிக்குள் மாமனார் நுழைந்ததுமே மருமகள் தன் சிற்பங்கள் இருந்த மேஜைக்கு ஓடினாள். பழைய புத்தகங்களை வெட்டிச் சிற்பம் செய்கிறவள் அவள். அவரோ நாவலாசிரியர். ஒரு சிற்பத்தை அவசரமாக மேஜைக்கடியில் தள்ளினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் துருவினார்.

"இந்த மயிலு?"

"சமையல் புத்தகம், மாமா."

"அந்த யானை?"

"வரிச் சட்டம்."

அவர் முகம் கடுகடுத்தது. "அப்போ என் நாவலு?"

"சத்தியமா அதுல கத்தியே வைக்கல, மாமா!"

"அதத்தான் கேக்குறேன்! கண்ட கண்ட புத்தகமெல்லாம் ஜம்முனு நிக்குது. என் நாவல் ஒரு கழுதை செய்யக்கூடவா லாயக்கில்ல?"

அவள் குனிந்து, மேஜைக்கடியிலிருந்து கழுதையை வெளியே இழுத்தாள்.

அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏம்மா, என் பேரைக் கொண்டுபோய் வாலுல வச்சிருக்கியே, நெத்தியில இடமா இல்ல?"