ஒற்றை ரூபிள்

"ஒரு ரூபிள் எடுத்து வைடா." மர அறுவை மில்லில் கூட வேலை செய்யும் யெஃபீமின் சட்டையைப் பிடித்தான் சஹார்.

"என் பொறந்தநாளுக்கு வந்து ஓசியில வோட்கா குடிச்சிட்டு, ஒத்தை ரூபிளுக்குப் பிச்சை எடுக்கிறியா?"

"குடுத்துடு. வீம்பு நல்லதில்ல."

"தர மாட்டேன் போடா, பிசினாறி."

சஹார் அறைந்தான். யெஃபீம் நாற்காலியைத் தூக்கி அவன் மண்டையில் போட்டான். இருவரும் கட்டிப் புரண்டார்கள். மேசையிலிருந்த புத்தம்புதுக் கத்தி சஹாரின் விலாவில் இறங்கியது.

ஓடிவந்த போலீஸ்காரர் யெஃபீமுக்கு விலங்கு மாட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நாய்கூட மோந்து பாக்காத காசுக்கா இந்தக் குத்து?"

"கத்தி நான் குடுத்த பரிசுங்க," சஹார் ரத்தத்தைப் பொத்தியபடி முனகினான். "கத்தியைச் சும்மா குடுத்தா சிநேகம் அறுந்துடும். பேருக்கு ஒரு காசு வாங்கிக்கணும். இருபது வருசச் சிநேகமாச்சேன்னுதான் கேட்டேன்."

யெஃபீம் விலங்கு மாட்டிய கையால் பையைத் துழாவி, ஒரு ரூபிளை அவன் உள்ளங்கையில் வைத்தான்.

"வாங்கிக்கடா."

சஹாரின் விரல்கள் மூடவில்லை.