சவரத்தோடு ஒரு நெட்டி

பாத்திரக்கடை பரமானந்தத்தின் கழுத்து ரத்தக்குழாயில் கிழிசல்; கழுத்தைத் திருகவோ குனியவோ கூடாது என்றிருந்தார் டாக்டர். எப்போதும் பச்சையாக இருந்து, பக்கவாதம் நெருங்கினால் சிவந்து, மகளின் போனைக் கூப்பிடும் வில்லையைக் கழுத்தில் ஒட்டியிருந்தார்கள். ஆனாலும், சவரத்தோடு இனாமாகக் கிடைக்கும் கழுத்து நெட்டிமுறிப்பை விட்டுவிட வியாபாரி மனசு கேட்கவில்லை. சலூனில் வில்லையைப் பிய்த்து, முடிவெட்டும் தங்கமாரியின் கழுத்தில் ஒட்டினார்.

"செத்த நேரம் சுமந்துக்கோ. மகளுக்குப் பச்சையே தெரியட்டும்."

"இனாம்னா உசிரையும் தள்ளுபடியில குடுப்பீங்க, அண்ணாச்சி," என்று தங்கமாரி அவர் தாடையைப் பிடித்தபோது வில்லை சிவந்தது.

"அப்பா, அசையாதீங்க. ஆம்புலன்ஸ் வருது," என்று வில்லைக்குள்ளிருந்து மகள் அழுதாள்.

சலூனே பார்த்தது. பரமானந்தம் எழுந்து, தங்கமாரியை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"எனக்கில்லம்மா. ஒன்னை ஏமாத்தத் தங்கமாரி கழுத்துல ஒட்டினேன். அவனுக்குத்தான் வண்டி."

"இதுவும் இனாமா, அண்ணாச்சி?" தங்கமாரி சிரித்தார், வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது.

குனியவே கூடாது என்று டாக்டர் சொன்ன பரமானந்தத்தின் தலை, வண்டி வரும்வரை குனிந்தே இருந்தது.