பனி நாளில் எட்டு மணி நேரம்

டுவேன் ஹால்வர்சனுக்கு ஏழைகள் என்றாலே ஆகாது. ஆனால் அவருடைய பிழைப்பு அவர்களை வைத்துத்தான் நடந்தது.

விஸ்கான்சினின் வடக்கே பதினோரு மாவட்டங்களில், அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களை வேலைக்கு அனுப்பும் அலுவலர்களுக்கு அவர்தான் பயிற்சியாளர். யாரை எந்த வேலைக்கு அனுப்பலாம், போகாதவர்களின் உதவித்தொகையை எப்போது நிறுத்தலாம் என்று சொல்லிக்கொடுப்பார். நிறுத்துவதற்கு ஆபீஸ் வழக்கில் ‘வெட்டு’ என்று பெயர். வேலைக்கு அனுப்புவதை அரை மணியில் முடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் வெட்டுவதைப் பற்றியே பேசுவார்.

அன்று பிப்ரவரி மாத வகுப்பு. கடைசி வரிசையில் துறை இயக்குநர் லோரேன் ஷிமான்ஸ்கி காபியோடு உட்கார்ந்திருந்தார். டுவேனுடைய கம்பெனியின் அடுத்த மூன்று வருடப் பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த அம்மாள்தான். அதனால் டுவேன் டை எல்லாம் கட்டி வந்திருந்தார். கம்பெனி அனுப்பிய காகிதங்களில், வழக்கம்போலப் படிக்காமலே கார் பானட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்.

“கடுதாசியை எப்பவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போஸ்ட் பண்ணுங்க. மேல்முறையீட்டுக்குப் பத்து நாள்தான். ரெண்டு சனி ஞாயிறு அதுலயே போயிடும். அவங்க முழிச்சுப் பார்க்கறதுக்குள்ள கதை முடிஞ்சிரும்” என்று ஆரம்பித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் விடவில்லை.

“பனியில பஸ் வரல, பிள்ளைக்குக் காய்ச்சல், இதெல்லாம் பழைய பாட்டு. டிசம்பர்ல உங்க ஆபீஸ்லயே ஒரு பொண்ணு, பனின்னு சொல்லி ஒரு நாள் வேலைக்குப் போகல. என்ன பண்ணோம்?”

“வெட்டினோம் சார்” என்றாள் பா ஹூவா. எட்டு வருடமாக அங்கே அலுவலராக இருக்கும் ஹ்மாங் இனத்துப் பெண். “நீங்க சொன்னீங்கன்னு நான்தான் வெட்டினேன். இப்ப ரெண்டு பிள்ளைங்களோட சர்ச்சுல போட்டிருக்கிற கட்டில்ல படுத்திருக்கா.”

“அப்பதான் புத்தி வரும்” என்றார் டுவேன்.

பா ஹூவா பையிலிருந்து ஒரு வருகைத் தாளை எடுத்தாள். மேலே பெயரும் வேலையும், கீழே கையெழுத்தும் இருந்த இடங்களில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

“ஒரு சந்தேகம் சார். இந்த ஆபீஸ்லயே வேலைன்னு போட்ட ஜனவரி மாசத் தாள். எனக்கு என்னமோ இடிக்குது.”

பயிற்சியில் யார் பெயரையும் காட்டக் கூடாது என்பது விதி. வகுப்பு தவறாமல் அதை ஓதுபவர் டுவேன்தான். “பேரை மறைச்சிட்டீங்களா? சமர்த்து. தேதியை மட்டும் போர்டுல எழுதுங்க” என்றார்.

எழுதினாள். ஏழு, ஒன்பது, பதினாலு, பதினாறு, இருபத்தொன்று, இருபத்துமூன்று. எல்லா நாளும் காலை எட்டு முதல் மாலை நாலரை.

டுவேனுக்கு வாயெல்லாம் பல். இயக்குநரின் கண்ணெதிரிலேயே ஒரு திருட்டைப் பிடித்துக் காட்டினால் அப்புறம் ஒப்பந்தத்துக்கு என்ன கேள்வி!

“ஒரு நாளாவது ஒரு நிமிஷம் முன்ன பின்ன இருக்கா? மொத்தமா உட்கார்ந்து எழுதினது. அந்த ஆள் வந்ததை யாராவது பார்த்தீங்களா?”

“பதினாலாம் தேதி மட்டும் தலையைக் காட்டியாச்சு. பதினோரு மணிக்கே நடையைக் கட்டியாச்சு” என்றார் முன்வரிசையில் இருந்த ஆர்லின்.

“பாத்தீங்களா! அதை விடுங்க, பதினாறாம் தேதியைப் பாருங்க. அன்னிக்கு இடுப்பளவு பனி. இந்த ஆபீஸ், கடைகண்ணி எல்லாம் பூட்டிக் கிடந்துச்சு. உறைஞ்ச ஏரிக்கு மீன் பிடிக்கப் போன நானே, அங்க பனி மேல போட்டிருந்த குடிசைக்குள்ள நாள் பூரா மாட்டிக்கிட்டேன். இந்தப் புண்ணியவான் மட்டும் டாண்ணு எட்டு மணிக்கு வந்து வேலை பார்த்தாராம்!”

அறையே வெடித்துச் சிரித்தது. ஆர்லினுக்குக் காபி புரையேறியது. சிரிக்கவே சிரிக்காத இயக்குநர்கூடச் சிரித்துவிட்டு, நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். டுவேன் டையைச் சரிசெய்துகொண்டார்.

பா ஹூவா மட்டும் சிரிக்கவில்லை. “பாவம் சார். வேற யாரோ நிரப்பிக் கொடுத்ததுல தெரியாம கையெழுத்துப் போட்டிருக்கலாம் இல்லையா?”

“படிக்காம கையெழுத்துப் போடறதும் குத்தம்தான்.”

“குடும்பம் இருக்கு சார்.”

“இருக்கட்டுமே! குடும்பம் இருக்கறவன் ஒழுங்கா வேலைக்கு வரணும். இங்க வெட்டு மட்டும் பத்தாது, வழக்கும் போடணும்.”

“அப்ப அதை உங்க கையாலயே எழுதிக் கொடுத்துடுங்க சார். எங்க வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு இருக்காது.”

டுவேன் மகிழ்ந்துபோனார். ‘வேண்டுமென்றே செய்த மோசடி, எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதல்ல, அரசு வழக்கறிஞருக்கு அனுப்பவும்’ என்று படிவத்தில் எழுதினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காகிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். லோரேன் எழுந்து வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

“கடுதாசியை வெள்ளிக்கிழமை சாயங்காலம்தானே சார் போஸ்ட் பண்ணணும்?” என்று கேட்டாள் பா ஹூவா.

“எத்தனை தடவைம்மா சொல்றது?”

அவள் நகத்தால் டேப்பை உரித்து, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

வேலை என்ற இடத்தில் ‘அலுவலர்களுக்குப் பயிற்சி அளித்தல்’ என்றும், பெயர் என்ற இடத்தில் ‘டுவேன் ஹால்வர்சன்’ என்றும், அவருடைய கம்பெனி குமாஸ்தா குண்டு குண்டாக எழுதியிருந்தாள்.