கறுப்புத் தலைகள்

“அம்மா, நீ போட்டோ எடுக்கிறப்போ அதுக்கு வலிக்காதா?” என்று மகள் ஒருநாள் கேட்டாள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸ்களைப் படமெடுக்கும் அம்மா அன்று சிரித்தாள்.

இன்று சிரிப்பு வரவில்லை. நல்ல வைரஸின் தலை திரையில் வெளுப்பாகத் தெரியும். உடைந்து காலியான தலைக்குள் சாயம் புகுந்து கறுத்துவிடும். திரையில் எல்லாமே கறுப்பு.

“அத்தனையும் செத்துப்போச்சும்மா,” என்றார் ஆய்வகத் தலைவர். “ஆஸ்பத்திரியில கிடக்கிற அந்த ஆள் கால்ல இருக்கிற கிருமி எந்த மருந்துக்கும் அடங்கல. இந்த வைரஸ் அதைத் தின்னுடும்னு நம்பினோம். சாப்பிட்டு வந்து, அந்தக் காலை எடுத்துடச் சொல்லிடறேன்.”

“புட்டியிலயே செத்துதா சார், இல்ல வைரஸைத் திரட்ட நாம மெஷின்ல வேகமா சுழல விட்டதுல செத்துதா?”

“யாரோ ஒருத்தருக்காக ஏம்மா இவ்வளவு பிடிவாதம்?”

அவர் போனதும், சுழற்றாமல் புட்டியிலிருந்து நேராக ஒரு சொட்டு எடுத்துச் சாயமிட்டாள். வெகுநேரம் திரை இருண்டே கிடந்தது. பிறகு ஒரு வெள்ளைத் தலை. பக்கத்தில் இன்னும் சில.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். “வைரஸ் நல்லா இருக்கு. காலை வெட்டாதீங்க.”

“யாரு பேசறது?”

“ஆய்வகத்திலிருந்து,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டுக் கைகூப்பினாள்.

லாரிக்கு முன்னாலிருந்து அவள் மகளைத் தள்ளிக் காப்பாற்றிவிட்டுத் தன் காலை நசுக்கிக்கொண்டபோது, அந்த மனிதரும் தன் பெயரைச் சொல்லவில்லை.