கடைசித் தட்டு

நுண்ணோக்கியில் கண்ணை வைத்த அக்கா அதை எடுக்கவே இல்லை.

ஆய்வுக்கூடத்துக்குள் வெளியாட்களை விடக் கூடாது. என் வேலையே போனாலும் போகட்டும் என்று நான்தான் கூட்டிவந்தேன்.

தட்டில் இருப்பவை நரம்பு செல்கள். அவளுடைய மூத்த மகளின் கையிலிருந்து மிளகளவு தோலை எடுத்து, இங்கே நாங்கள் நரம்பாக வளர்த்தவை.

நம் நரம்புக்குள் ஒரு நொதி, புரதத்துக்குக் கொழுப்பால் ஒரு வாலை ஒட்டி, செல்லின் சவ்வோரம் நிறுத்திவைக்கும். இன்னொரு நொதி அந்த வாலை வெட்டி, ‘போ, உள்ளே போய் அடுத்த வேலையைப் பார்’ என்று அனுப்பும். பெரியவளுக்கு வெட்டுகிற நொதி பிறவியிலேயே இல்லை. சின்னவளுக்கும் இல்லை. பாழாய்ப்போன வியாதி, ஒரே வீட்டில் இரண்டு பேரைப் பிடித்தது.

அந்த நொதியை நாங்களே செய்து, சற்றுமுன் தட்டில் விட்டோம். புரதத்துக்குப் பச்சை ஒளி ஏற்றியிருக்கிறோம். எங்கே போனாலும் தெரியும்.

“டேய், பச்சை நகருதுடா! உள்ளே போகுதுடா!”

அவளை நகர்த்திவிட்டு நானும் பார்த்தேன். இத்தனை மாதமாகச் சவ்வை விடாமல் அடம்பிடித்த கழுதை, சொன்ன பேச்சுக் கேட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இனிமேல்தான் பாடு.

கண்ணால் பார்த்தேன் என்றால் எவனும் நம்ப மாட்டான். ஃபார்மலினை ஊற்றி, செல்களை இந்த நிலையிலேயே நிறுத்தி, அளந்து காட்ட வேண்டும். அப்போதுதான் சின்னவளுக்கு இந்த மருந்தைக் கொடுக்க அனுமதி கேட்க முடியும். அவளுக்கு இப்போதே கால் தடுமாறுகிறது; அவள் தோலை எடுத்துப் புதிதாக வளர்க்க மாதக்கணக்கில் ஆகும்.

ஊற்றினால் செல்கள் செத்துவிடும். மற்ற தட்டுகளையெல்லாம் பூஞ்சை தின்றுவிட்டது. உறைபெட்டியிலும் ஒன்றும் மிச்சமில்லை.

அக்காவின் முகத்தைப் பார்த்து, ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஆறுதல் சொல்ல வந்தான்.

“அழாதீங்கக்கா. பெரிய பாப்பா கையிலேருந்து இன்னும் கொஞ்சம் தோல் எடுத்தா, மறுபடி வளர்த்துக்கலாம்.”

நான் அவனை முறைத்தேன். அக்கா அவனைப் பார்த்துச் சிரித்தாள். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

ஃபார்மலினை எடுத்தேன். கை வரவில்லை.

அக்கா ஒரு விரலால் தட்டின் விளிம்பைத் தொட்டாள். உடம்புச் சூட்டில் இருந்தது.

“வலிக்குமாடா அவளுக்கு?”

போன மாதம் ஆஸ்பத்திரியில் பெரியவளின் செயற்கைச் சுவாசக் குழாயைக் கழற்றும் முன், டாக்டரிடமும் இதையேதான் கேட்டாள்.

“வலிக்காதுக்கா.”

அவள் விரலை எடுக்கவில்லை.

“அன்னைக்கும் நான் கையைப் பிடிச்சுட்டுதான் இருந்தேன். நீ ஊத்துடா.”