இந்த வருஷம் நீ செய்

குளிரில் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க ஏற்றும் மருந்து முதலில் கேரவனின் சமையலறைக் குழாயில் வந்ததா, குளியலறைக் குழாயில் வந்ததா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று நான் பயந்துபோயிருந்தேன். பயந்தவனின் ஞாபகத்தை முழுதாக நம்பக் கூடாது.

ஆனால் என் மனைவி சோல்வே எதையும் தொடாமல் கேரவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. முப்பத்தொரு அக்டோபர்களாக, உறைபனி இறங்குமுன் கேரவனை மூடிவைப்பது அவள் வேலை. நான் டார்ச் பிடிப்பேன், அவ்வளவுதான்.

"இந்த வருஷம் நீ செய், ஹார்லன். நான் வாயால சொல்றேன்."

"ஏன், உனக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. சுடுதண்ணித் தொட்டி வால்வை முதல்ல அடை. இல்லேன்னா மருந்து பூரா அதுக்குள்ள போய் வீணாயிடும்."

அந்த 'ஒண்ணுமில்ல'வை நான் நம்பவில்லை. கோடையிலிருந்து அவள் சட்டைகளெல்லாம் தொளதொளத்தன. செவ்வாய்க்கிழமைதோறும் தனியாக டுலூத் நகரத்துக்குப் போய்வந்தாள். கேட்டால் "வேலை இருக்கு" என்பாள். போன வாரம் பீங்கான் தட்டுகளில் பாதியைப் பெட்டியில் கட்டி வைத்தாள். அவள் அக்காவும் இப்படித்தான், ஒவ்வொன்றாகக் கட்டி வைத்துவிட்டு, பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள்.

வால்வை அடைத்தேன். மருந்துக் கேனில் குழாயைச் சொருகி பம்ப்பைப் போட்டேன்.

"ஒவ்வொரு குழாயா திற. ரோஸ் கலர்ல வர்ற வரைக்கும் மூடாத."

ரோஸ் நிறத்தில் வந்தது. எல்லாவற்றையும் மூடிவிட்டு, முடிந்தது என்று தலையை வெளியே நீட்டினேன்.

"வெளிப்பக்க ஷவரை யாரு செய்வா? உங்கப்பா எழுந்து வருவாரா?"

மறந்தே போயிருந்தேன். "ஞாபகப்படுத்தத்தான் நீ இருக்கியே" என்றேன், சிரிக்க முயன்றபடி.

அவள் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் ஞாபகப்படுத்த ஆள் இருக்காது. எழுதி வெச்சுக்க. அது உறைஞ்சு வெடிச்சா உன் கேரவன் சுவரெல்லாம் ஊறிப்போயிடும்."

எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. எலி நுழையும் ஓட்டைகளில் கம்பி நாரை அடைத்தேன். பேட்டரியைக் கழற்றி இறக்கினேன். அதற்குள் அவள் பேச்சு கேரவனை விட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

"ஹீட்டர் ஃபில்டரை மாசம் ஒருதரம் மாத்தணும். உன் பிரஷர் மாத்திரை சிங்குக்கு மேல, இடது அலமாரி. போட்டியான்னு உன்னை நீயே கேட்டுக்கணும்."

ஏரிக்கு மேல் காட்டு வாத்துகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன. கடைசி வாத்தும் மறையும்வரை இருவரும் பேசவில்லை. மௌனம் எங்களுக்குப் புதிதல்ல. ஒரு நாள் முழுக்கப் பேசாமல் நான் புத்தகம் படித்திருக்கிறேன். அன்றுதான் அது எனக்குத் தாங்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் இதே மௌனம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

அவள் நாற்காலிக்கு முன்னால், ஈரப் புல்லில் மண்டியிட்டேன்.

"சோல்வே, மறைக்காத. டாக்டர் எவ்வளவு நாள்னு சொன்னார்? எதுவா இருந்தாலும் நான் கூட இருப்பேன். ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து பாத்துக்கறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும். பிறகு என் தொப்பியில் ஒட்டியிருந்த கம்பி நாரை மெதுவாக எடுத்துப் போட்டாள்.

"எந்த டாக்டர், ஹார்லன்? நான் பாத்துட்டு வந்தது வக்கீலை."

நவம்பர் முதல் வாரம் அவள் டுலூத்துக்குக் குடிபோனாள். மார்ச்சில் விவாகரத்து முடிந்தது. ஏழு வருஷமாகிறது, அவள் அங்கே நல்ல உடம்போடு இருக்கிறாள். நான் இங்கேயே இருக்கிறேன்.