லண்டன் தவலை

வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க வழியில்லை. கந்தவேலின் தலை ஒரு தவலைக்குள் இருந்தது.

எதிரே பனியன் கம்பெனி ஆண்டு விழாக் கூட்டம். முதுகுக்குப் பின்னால் பேனர்: ‘லண்டன் புகழ் டி.ஜே. முகத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை!’

அந்த முகத்தைப் பார்க்காதவர்கள் திருப்பூரில் குறைவு. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதற்கும் மைக் செட் கட்டுவது அவன்தான்.

தவலைக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து, கண்ணுக்கு ஓட்டை போட்டது கந்தவேல். காதுப் பக்கம் இங்கிலீஷ் ஸ்டிக்கர் ஒட்டியது முதலாளி சென்னியப்பன்.

என் பேரையாவது சொல்லுங்க என்று கெஞ்சியதற்கு அவர் சிரித்தார்.

“ஏப்பா, நாம தைக்கற பனியன்ல நம்ம பேரா போடறோம்?”

நல்லூரில் ஓடும் நிட்டிங் மிஷின் சத்தத்தைக் கேசட்டில் பிடித்து, பறை அடியோடு கலந்திருந்தான். பகலெல்லாம் அதே சத்தத்தில் காது அடைத்துப்போகிறவர்கள், லண்டன் சத்தம் என்று ஆடினார்கள்.

முன்வரிசையில் மாமனார் மாரப்பன். அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் அடிப்பவர். ‘ஒயரு சுத்தறவனுக்குப் புள்ளையக் குடுத்துட்டனே’ என்பதைத் தவிர, கல்யாணமான நாளிலிருந்து மருமகனைப் பற்றி வேறு வார்த்தை சொன்னதில்லை.

அவர் எழுந்து நின்று கைதட்டினார்.

கந்தவேலுக்குப் பொறுக்கவில்லை. பாட்டு முடிந்ததும் தவலையைக் கழற்றிக் கையில் பிடித்தான். பாருங்கள், நான்தான்.

கூட்டம் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது.

முதலாளி மைக்கைப் பிடுங்கி, டி.ஜே. சார் ஓய்வெடுக்கப் போயிருக்கிறார் என்று அறிவித்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

மாரப்பன் மட்டும் மேடை ஏறி வந்தார்.

“ஏனுங்க மாப்ள, அந்தத் தொரை சாமானத் தூக்கற வேலையாச்சும் குடுத்தாரே. கெட்டியாப் புடிச்சுக்குங்க.”

தவலையை விரலால் சுண்டிப் பார்த்தார். ஓசை அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“சீமை வேலைன்னா சீமை வேலைதானுங்க. நம்மூர்ல இப்புடி அடிக்க எவன் இருக்கான்?”

கந்தவேல் நகத்தால் ஸ்டிக்கரின் மூலையைக் கிளப்பினான். பாதி உரிந்துவிட்டது.

மாரப்பன் அவன் கையைத் தட்டிவிட்டார். “அடுத்தவங்க சாமானக் கெடுத்துப்போடாதீங்க!”

கண்கள் லண்டன்காரனைத் தேடி மேடைப் படுதாவைத் துழாவிக்கொண்டிருக்க, எச்சில் தொட்டு, கட்டைவிரலால் அழுத்தி, அவரே ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினார்.

மகளுக்குச் சீர் கொடுத்தபோது அவரே உளி பிடித்து வெட்டிய ‘அ. மாரப்பன்’ அதன் அடியில் மறைந்தது.